மாலை நாலரைக்கும் எட்டுக்கும் நடுவில்: சித்தூர் எல்லைக் கிராமங்களில் போதைத் தடுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் நிர்வாகத்தில் கேரளம், பேச்சில் தமிழ். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் பல வீடுகளில் பேசுவது தமிழ், அலுவலகத்திலிருந்து வரும் தாள் மலையாளம். கேரளப் பாடத்திட்டத்தையே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மேற்படிப்பு என்றால் பலர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை நெடுகச் சோதனைச்சாவடிகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் தோப்புக்குள் புகுந்து வெளியேறும் வண்டித்தடங்களும் உண்டு.

இது ஒரு மன்றத்தின் வரலாறு அல்ல. இந்த எல்லைப் பட்டையையே ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, இங்கே ஒரு வார்டில் இளைஞர் மன்றமோ நூலகமோ குடும்பஸ்ரீ அயல்கூட்டமோ (கேரள அரசின் குடும்பஸ்ரீ இயக்கத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) ஓராண்டு தடுப்பு வேலை செய்தால் அதை எப்படி அமைக்க வேண்டும், எந்த இடத்தில் அது முறியும், ஏன் முறியும் என்பதைப் பார்க்கிறது. ஆய்வின் நிலைப்பாடு இது: இங்கே ஒரு பிள்ளையின் முதல் போதையைத் தள்ளிப்போடுவது பள்ளி மேடையில் நடப்பதில்லை. பள்ளி விட்டதற்கும் வீடு சேர்வதற்கும் இடைப்பட்ட மூன்றரை மணி நேரம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அது நடக்கிறது.

என்ன கிடைக்கிறது, எந்த வரிசையில்

முதலில் கள். சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் போகிறது. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை சட்டபூர்வமானது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எனவே பொள்ளாச்சிப் பக்கத்து ஆண்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுத் திரும்புவது அன்றாடக் காட்சி. இங்கே வளரும் சிறுவனுக்குக் கள் என்பது மறைவான பொருளே அல்ல. அப்பா இறக்குவார், சித்தப்பா குடிப்பார், திருவிழாவன்று தாத்தா அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்பார். கேரளத்தில் மது அருந்தச் சட்டம் வைத்திருக்கும் வயது 23, தமிழ்நாட்டில் 21. அந்த அரை டம்ளர் விஷயத்தில் இரண்டு எண்களும் யார் நினைவிலும் இருப்பதில்லை.

அடுத்து, உதட்டுக்குள் அடக்கும் புகையிலை. ஹான்ஸ், கூல் லிப் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கேரளம் 2012-லும் தமிழ்நாடு 2013-லும் குட்கா வகைகளுக்குத் தடை போட்டன. பொட்டலங்கள் மட்டும் பெட்டிக்கடைக் கல்லாவுக்கு அடியில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. புகை வராது, பீடி நாற்றம் வராது, வகுப்பில் பாடம் நடக்கும்போதே வாயில் இருக்கும். ஆசிரியர் கண்டுபிடிப்பது தாமதமாவதற்கு இதுவே காரணம். கீழுதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கியிருப்பது, அடிக்கடி எச்சில் துப்பப் போவது, காரம் பட்டால் எரிகிறது என்று சாப்பாட்டை ஒதுக்குவது ஆகியவை பார்க்க வேண்டிய அடையாளங்கள்.

கஞ்சா ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் வருகிறது. பாலக்காடு சந்திப்பில் அது பிடிபடும் செய்தி அடிக்கடி வருவது இதனால்தான். எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து சாலை வழியாக வருகிறது. சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகள், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர் ஆகியவை மீதி. இந்தக் கடைசி வகையைச் சில்லறையாக நினைக்க வேண்டாம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை முகரும் வகைதான்.

தடுப்பு வேலையோ இந்த வரிசையில் பின்னால் வரும் எம்.டி.எம்.ஏ. பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. நாளிதழில் எம்.டி.எம்.ஏ. என்று வருவதால் மேடையிலும் எம்.டி.எம்.ஏ. பன்னிரண்டு வயதுப் பையனின் உதட்டில் இருப்பதோ வேறு. 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானார்கள்; 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். குடும்பச் சூழல் போன்ற வேறு காரணங்களும் இந்த இடைவெளிக்குள் இருக்கலாம். ஆனாலும் ஒரு வார்டு மன்றத்தால் எட்டக்கூடிய இலக்கு என்றால் அது இதுதான்: புகையிலையையும் கள்ளையும் தொடும் முதல் நாளைத் தள்ளிப்போடுவது.

ஊர்வலம் ஏன் தடுப்பதில்லை

ஜூன் 26 ஐ.நா. 1987-ல் அறிவித்த நாள். அன்று எல்லாப் பள்ளியிலும் உறுதிமொழி, ஊர்வலம், ஓவியப் போட்டி. கேரளத்தில் 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்கப் போதைக்கு எதிரான மனிதச் சங்கிலி நின்றது. ஊர் ஒரு விஷயத்தைப் பற்றி வாய்திறந்து பேச இவை உதவும். ஒரு பிள்ளை மறுக்கக் கற்றுக்கொள்ள உதவாது.

ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-லும் 2018-லும் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தகவல் மட்டும் சொல்லும் சொற்பொழிவு, பயமுறுத்தும் படங்கள், மீண்டு வந்தவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது ஆகியவற்றால் பயன் தெரியவில்லை. சில இடங்களில் தீங்கும் நேர்ந்திருக்கிறது. மீண்டவர் மேடையில் நல்ல வேலையோடும் நல்ல சட்டையோடும் நிற்கிறார். கேட்கும் பையன் எடுத்துக்கொள்வது, ‘எல்லாம் பார்த்துவிட்டும் திரும்பி வரலாம்’ என்பதை. தெருநாடகத்தில் போதையில் தள்ளாடும் காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம். நடித்தவன் அன்றைய நாயகன். ‘உங்களைப் போன்ற பிள்ளைகள் ஏராளமானோர் அடிமையாகிவிட்டார்கள்’ என்று பேச்சாளர் அழுத்திச் சொல்லும்போது, எல்லோரும் செய்கிறார்கள், நான்தான் பாக்கி என்ற எண்ணமும் சேர்ந்து விதைக்கப்படுகிறது.

மாறாக ஐஸ்லாந்து செய்ததைப் பார்க்கலாம். 1998-ல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதத்துக்கு வந்தார்கள். அவர்கள் மாலை நேரத்துக்கு விளையாட்டையும் இசையையும் கொடுத்தார்கள், செலவில் ஒரு பங்கை நகராட்சிகள் ஏற்றன, பெற்றோர் கூடி ஒரே மாதிரியான வீட்டு விதிகளை ஒப்புக்கொண்டார்கள், குறிப்பிட்ட மணிக்குமேல் சிறுவர் தனியே வெளியே இருக்கக் கூடாது என்று சட்டமும் இருந்தது. நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து நடத்தினால் அதே பலன் வரும் என்று நம்ப இடமில்லை. அந்த நாட்டின் பணம் நமக்கு இல்லை. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கை ஒரு வார்டு அளவில் போட்டுவிட முடியும்.

மாலை வரைபடம்

முதல் மூன்று வாரம் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஒரு வார்டின் வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்து, 4 மணி முதல் 9 மணி வரை அரைமணிக்கு ஒரு கட்டம் போட்டு, எந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். பஸ் ஸ்டாப், பஞ்சர் கடை, பெட்டிக்கடை, தோப்பில் பூட்டாத மோட்டார் ரூம், கால்வாய்க் கரை, தெருவிளக்கு எரியாத முக்கு. வார நாள் இரண்டு, சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு ஒன்று என நான்கு நாளாவது பார்க்க வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை மாலை வேறு ஊர். அன்றுதான் கூலி கைக்கு வருகிறது.

குறிப்பது இடத்தையும் தலை எண்ணிக்கையையும் மட்டும். பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதிய தாள் ஒன்று ஊருக்குள் இருந்தால் அது ஒருநாள் யாராவது கையில் சிக்கும். அன்றோடு வேலை முடிந்தது.

இந்த வரைபடத்தில் பொதுவாக இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒன்று 4.30 முதல் 6.30 வரை: பள்ளி விட்டாயிற்று, தாயும் தந்தையும் தோப்பிலோ நூறு நாள் வேலையிலோ மில்லிலோ இருந்து இன்னும் திரும்பவில்லை. மற்றொன்று 6.30 முதல் 8 வரை: பொள்ளாச்சி, கோவை பஸ்ஸிலிருந்து இறங்கும் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் ஸ்டாப்பிலேயே நின்றுவிடும் நேரம். முதல் பள்ளத்துக்கும் இரண்டாவதற்கும் ஒரே நிகழ்ச்சி பொருந்தாது.

குழுவும் மைதானமும்

12 முதல் 15 வயது வரை ஒரு குழு, 16 முதல் 18 வரை ஒரு குழு. ஒவ்வொன்றிலும் 12 பேர், கூடினால் 15. அதற்குமேல் வந்தால் இன்னொரு குழு தொடங்க வேண்டும். குழுவுக்கு இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது 25 வயது தாண்டியவர். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. பேச வேண்டியிருந்தால் திண்ணையில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி. போக்ஸோ சட்டம் இருக்கிறதே என்பதற்காக மட்டும் இந்த விதி அல்ல. தம் பெண்பிள்ளையை இங்கே அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வாரம் ஐந்து மாலை. நான்கு மாலை விளையாட்டோ கலையோ, ஒரு மாலை பயிற்சி. வாரம் ஒருநாள் மட்டும் கூடும் குழு தடுப்புக்கு உதவாது, மீதி ஆறு மாலையும் பஸ் ஸ்டாப்புக்கே போய்விடும்.

வாலிபால் இங்கே எளிதில் நிற்கும். ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15 போதும். வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர், சின்னவர்களுக்கு இன்னும் தாழ்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பந்தைத் தாண்டவைக்க முடியாமல் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள். நான்கு 100 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மாதம் 22 நாள் ஆடினால் 22 யூனிட். இந்தச் செலவுக்குப் பயந்து பல களங்கள் 6.30-க்கு இருட்டாகின்றன, அதாவது மிகத் தேவையான ஒன்றரை மணி நேரத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலமாக வீசும். அந்த மாதங்களில் பந்து நிற்காது. கபடி, சிலம்பம், கேரம், நூலகத்தில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுப் பயிற்சி என்று மாற்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் நேரம் 4.30 முதல் 6 வரை. இருட்டியபின் அனுப்பமாட்டார்கள் என்று புலம்புவதில் பொருளில்லை, அந்த நேரத்தில் மைதானத்தை அவர்களுக்கு முழுதாகக் கொடுத்தால் வருவார்கள். நடைமுறையில் நடப்பது வேறு: பெரிய பையன்கள் 5 மணிக்கே வந்து ஓரத்தில் நின்று பந்து தட்டத் தொடங்குவார்கள், பெண்கள் ஒருவர் ஒருவராகக் குறைந்துவிடுவார்கள். களத்தின் சாவியும் பந்தும் 6 மணி வரை பெண்கள் குழுப் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும்.

விளையாட்டு நடக்கிறது, ஆகவே போதை வராது என்று எண்ணுவதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய தவறு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விளையாட்டுக் குழுக்களில் இருக்கும் இளைஞர்களிடம் சட்டவிரோதப் போதைப் பழக்கம் குறைவாகவும், குடிப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகமாகவும் இருந்தது. காரணம் நம் ஊரிலேயே தெரியும். போட்டி முடிந்ததும் கொண்டாட்டம், அதைச் செய்பவர்கள் மூத்த ஆட்டக்காரர்கள், கூடவே சின்னவர்கள். எனவே நான்கு விதிகள், முதல் நாளே, எல்லோர் முன்னாலும்: களத்திலும் அதன் வாசலிலும் பீடி, புகையிலை, மது யாருக்கும் கிடையாது, பெரியவர்க்கும்தான். குடித்துவிட்டு வந்தவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் அன்று ஆடமாட்டார். கள்ளுக்கடை ஒப்பந்தக்காரரிடமோ பார் உரிமையாளரிடமோ கோப்பைக்கும் பனியனுக்கும் பணம் வாங்குவதில்லை. போட்டிக்கு வெளியூர் போனால் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் தனி வண்டியில், பெரியவர் ஒருவரோடு, ஆட்டம் முடிந்த அரைமணிக்குள் கிளம்ப வேண்டும். மூன்றாவது விதி கசக்கும், ஏனென்றால் இங்கே தாராளமாகப் பணம் தருபவர்கள் அவர்கள்தான். ஊராட்சித் திட்ட நிதி, மாநில இளைஞர் நல வாரியம், ஆண்டுதோறும் உள்ளாட்சிகள் நடத்தும் இளைஞர் விழாவான கேரளோத்ஸவம் ஆகிய வழிகளை முதலில் தட்டிப் பார்க்கலாம்.

பயிற்சி மாலை: 45 நிமிடம்

இதுதான் திட்டத்தின் மையம், ஆனால் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். 5 நிமிடம் கடந்த வாரத்தில் நடந்தது. 10 நிமிடம் ஒரு சூழலை விவரித்து ‘இங்கே என்னவெல்லாம் செய்யலாம்’ என்று கேட்டு வாங்குவது. 20 நிமிடம் இருவர் இருவராக நடித்துப் பழகுவது. 10 நிமிடம் எது எளிதாக இருந்தது, எது வாயில் வரவில்லை என்ற பேச்சு.

சூழல்கள் இந்த ஊருடையவையாக இருக்க வேண்டும். பெரிய நகரத்துப் பார்ட்டிக் கதை இங்கே யாருக்கும் பொருந்தாது. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில் மூத்தவர் பொட்டலத்தை நீட்டுகிறார்:

“டே தம்பி, ஒண்ணு வெச்சுப் பாரு. ஒண்ணும் ஆவாது.”

“வேண்டாங்ண்ணா. எனக்கு வாய் புண்ணாயிரும். நான் பந்தெடுத்துட்டு வர்றேன்.”

இந்த மூன்று வாக்கியத்தில் முறை இருக்கிறது. முதலில் மறுப்பு, ‘அண்ணா’ என்ற மரியாதை குறையாமல். பின் ஒரே ஒரு காரணம், சுருக்கமாக. பின் அந்த இடத்தை விட்டு நகர ஒரு வேலை. இரண்டாவது காரணம் சொன்னால் வாக்குவாதம் தொடங்கிவிடும், வாக்குவாதத்தில் வயதில் மூத்தவர்தான் வெல்வார். மூத்தவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளையிடம், மரியாதையோடு மறுப்பதற்கான சொற்களைக் கையில் கொடுக்காமல் வெறுமனே ‘வேண்டாம் என்று சொல்’ என்பது நியாயமில்லை.

இன்னொரு சூழலைக் கட்டாயம் பழக்க வேண்டும், இது எல்லை ஊருக்கே உரியது: “மாப்ள, இந்தப் பையைக் கோபாலபுரம் தாண்டி ஒருத்தர்கிட்டக் குடுத்திரு. ஐந்நூறு ரூபா.” பிள்ளைகளைக் கைமாற்றப் பயன்படுத்துவது அவர்களை யாரும் சோதிக்கமாட்டார்கள் என்ற கணக்கில். பதினாறு தாண்டியவர்களுக்கு இதன் சட்டப் பின்விளைவை எண்ணோடு சொல்லிவிடுங்கள். போதைப்பொருள் தடுப்புக்கான மத்தியச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழ் எம்.டி.எம்.ஏ. 10 கிராம் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை. கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ. 16 முதல் 18 வயதுக்குள் இருந்தாலும், இத்தகைய கொடுங்குற்ற வழக்கில் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று சிறார் நீதி வாரியம் ஆராய முடியும். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை பையைத் தூக்கியவன் தலையில் விழும்.

பயிற்சியில் அடிக்கடி நடக்கும் கோளாறு: நீட்டுபவன் வேடத்தைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டு வாங்கி, பொருளின் பெயர், விலை, எங்கே மறைப்பது என்று புகுந்து விளையாடுவார்கள். வட்டம் சிரிக்கும், கற்பது தலைகீழாகும். ஆகவே நீட்டுபவராக எப்போதும் பெரியவர். பிள்ளைகள் மறுப்பதை மட்டும் பழக வேண்டும். போதையேறியவனாக யாரும் நடிக்கக் கூடாது. பொட்டலம், ஊசி எதையும் கொண்டுவந்து காட்டவும் கூடாது.

கேரளக் கலால் துறையின் போதை ஒழிப்பு இயக்கமான விமுக்தியின் கையேடுகள் பயனுள்ளவை. மலையாளத்தில் இருப்பதைத் தமிழ் வழிப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். பெற்றோர் ஒப்புதல் தாளையும் இரு மொழியிலும் அச்சிடுங்கள்.

பெற்றோர்

அயல்கூட்டம் வாரந்தோறும் கூடுகிறது. அதில் மாதம் ஒருமுறை 30 நிமிடம் கேட்டுப் பெறலாம். பேச வேண்டியது போதைப்பொருள் பட்டியல் அல்ல, மூன்று ஒப்பந்தங்கள். பிள்ளையைப் பீடிக்கோ குப்பிக்கோ கடைக்கு அனுப்புவதில்லை. திருவிழாவிலும் பொங்கலிலும் ‘ஒரு வாய்’ கொடுப்பதில்லை. வார நாளில் 16-க்குக் கீழே உள்ளவர்கள் 8 மணிக்கு வீட்டில். மூன்றாவதை ஒரு வீடு மட்டும் சொன்னால் ‘அவனுக்கு மட்டும் விடறாங்க’ என்ற சண்டை வரும். தெருவே சொன்னால் வராது.

தாய்மார் வருவார்கள். தந்தையர் வரமாட்டார்கள், வீட்டில் ஒரு வாய் கொடுப்பவர்களோ அவர்கள்தான். அவர்களைக் கூட்டத்துக்கு இழுப்பதைவிட ஞாயிறு காலை டீக்கடையில் நாலைந்து பேராகப் பிடித்துப் பேசுவது பலிக்கும். குடிக்காதே என்று அவரிடம் சொல்ல வேண்டாம், பேச்சு அங்கேயே முறியும். பையனிடம் கொடுக்காதீர்கள், பையனை வாங்கிவரச் சொல்லாதீர்கள் என்பதோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே தொட்டவன்

பன்னிரண்டில் ஒன்றிரண்டு பேர் ஏற்கெனவே புகையிலையையோ அதற்கு மேலோ தொட்டவர்களாக இருப்பார்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இரண்டு காரியங்கள் இங்கே கெடுதலாகும். ஒன்று விலக்குவது. விலக்கியவனுக்கு மிஞ்சுவது மோட்டார் ரூம் கூட்டம் மட்டுமே. மற்றொன்று, அப்படிப்பட்டவர்களைத் திரட்டித் தனிக்குழு வைப்பது. சிக்கலுள்ள பதின்வயதினரை ஒன்றாகக் கூட்டினால் ஒருவரை ஒருவர் ஊக்கி நிலைமை மோசமாவதை 1999-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வுகளோடு காட்டினார்கள். ஒரு குழுவுக்கு ஒருவர், கூடினால் இருவர், மற்றவர்கள் நடுவில், தனிப் பெயர் எதுவும் ஒட்டாமல்.

பேச்சு தனியாக, திண்ணையில், கேள்வியோடு தொடங்கட்டும். பிறகு விமுக்தியின் 14405, தேசிய உதவி எண் 14446, பள்ளி ஆலோசகர், வார்டு ஜாக்ரதா சமிதி (பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான உள்ளூர்க் குழு). சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கு வந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். சிறு அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, அரசு அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தர என்.டி.பி.எஸ். சட்டப் பிரிவு 64ஏ இருக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறவும் முடியும். இதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

உயிர் போகும் இடங்கள் மூன்று. சொல்யூஷனோ தின்னரோ முகர்ந்துகொண்டிருக்கும் பையனைக் கத்தி மிரட்டித் துரத்தக் கூடாது. அந்த ஆவி இதயத்தை மிகை உணர்ச்சிக்கு உள்ளாக்கி வைத்திருக்கும். பயத்திலும் ஓட்டத்திலும் சுரக்கும் அட்ரினலின் பட்டால் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழுந்து இறக்கலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். வலி மாத்திரையோ ஓப்பியம் வகையோ எடுத்தவனுக்கு மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழாவிட்டால் ‘தூங்கித் தெளியட்டும்’ என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. தினமும் மிகையாகக் குடித்த இளைஞனை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அந்த நிறுத்தம் மருத்துவர் கையில் நடக்க வேண்டும்.

கடை, புகார், இரண்டு மாநிலம்

பள்ளிக்கு 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்பதை 2003-ம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் தடுக்கிறது. தூரத்தைப் பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும், சாலை வழியாக அல்ல. பள்ளி வாசலிலிருந்து நடந்து அளந்து ‘120 மீட்டர் இருக்கிறதே’ என்று கடைக்காரர் சொல்வது செல்லாது. இந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான், யாரும் அஞ்சமாட்டார்கள். அஞ்ச வைப்பது 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப் பிரிவு 77: குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கடத்தவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்தினால் பிரிவு 78, அதே தண்டனை. இந்த இரண்டு பிரிவையும் தாளில் எழுதி, ஊராட்சி உறுப்பினரோடு போய்க் கடைக்காரரிடம் அமைதியாகக் கொடுத்தாலே பாதிக் கடைகள் பதினெட்டுக்குக் கீழே விற்பதை நிறுத்திப் பார்க்கும். ஊரில் மானம் என்று ஒன்று இருக்கிறது.

சிக்கல், கடை எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால். பிள்ளை கேரளம், கடை தமிழ்நாடு. இங்கே சொன்னால் அங்கே சொல் என்பார்கள். மனுவை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, இரு ஊராட்சிகளின் பெயரோடு இரு தரப்புக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581, போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பின் தேசிய எண் 1933, பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098. புகார் செய்வது பெரியவர் வேலை. மன்றத்துப் பிள்ளைகளைத் துப்பு சொல்பவர்களாக ஆக்கவே கூடாது. விற்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், யார் சொன்னது என்று அன்றிரவே தெரிந்துவிடும். மன்றம் வண்டியை மறித்துச் சோதனை போடுவதும் அப்படித்தான்: சட்டத்தில் அதற்கு இடமில்லை, முடிவது அடிதடியில்.

எந்த மாதத்தில் முறியும்

தொடங்கிய ஆறாவது, எட்டாவது வாரத்தில் வருகை இறங்கும், புதுமை தீர்வதால். அப்போது பொறுப்பை, பந்துப் பதிவேடு, வருகைக் குறிப்பு, விளக்குச் சாவி என்று, பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்தால் பலர் நிற்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு நூலகத்தில் படிப்பு மேசை போட்டு அதே நேரத்தில் வரவைக்க வேண்டும். மிகப் பெரிய ஓட்டை, இதே வட்டத்து முதலமடையின் மாம்பழக் காலம். ஜனவரியிலிருந்து மே வரை பறிக்கவும் அடுக்கவும் லோடு ஏற்றவும் ஆள் தேவை, பதினாறு பதினேழு வயதுப் பையன் கையில் முதல்முறையாக ரொக்கம், கூடவே வேலை செய்பவர்கள் மாலையில் குடிப்பவர்கள். அவனை வேலைக்குப் போகாதே என்றால் கேட்க வீடு இடம் தராது. சனிக்கிழமை மாலை 6 மணி ஆட்டத்தை அந்தப் பருவம் முழுக்க ரத்துசெய்யாமல் வைத்திருப்பதும், கூலியில் ஒரு பங்கைத் தாயின் அயல்கூட்டச் சேமிப்பில் அன்றே போடும் பழக்கமும்தான் கையில் இருக்கும் வழி.

அளப்பது

எத்தனை ஊர்வலம், எத்தனை சுவரொட்டி என்று எண்ணுவது அறிக்கைக்கு ஆகும், வேலைக்கு ஆகாது. மூன்றை மட்டும் அளந்தால் போதும். வாரத்தில் மூன்று மாலைக்குமேல் வந்தவர்கள் எத்தனை பேர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீடுகள் எத்தனை. மூன்றாவது, பெயரில்லாக் கேள்வித்தாள்: தொடக்கத்தில் ஒருமுறை, பன்னிரண்டு மாதம் கழித்து ஒருமுறை, அதே மாதத்தில். மாம்பழக் காலத்துப் பதிலை மழைக்காலத்துப் பதிலோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

பெற்றோர் ஒப்புதல் வாங்கியபின், கேள்விகள் ஏழெட்டு. கடந்த 30 நாளில் புகையிலை, கள், மது, மற்றவை எத்தனை முறை. முதலில் தொட்டது எந்த வயதில். உன் வகுப்பில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று நினைக்கிறாய். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் விடை உண்மை எண்ணிக்கையைவிடப் பொதுவாக அதிகமாக இருக்கும், அந்த இடைவெளியைப் பிள்ளைகளிடமே காட்டினால் அதுவே ஒரு பாடம். ஒரே நிறப் பேனா, ஒரே அளவுத் தாள், மடித்துப் பூட்டிய பெட்டியில் போடுவது; கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி டிக் அடிக்கும் விடைகள் மட்டும். 24 பேர் உள்ள வார்டில் வயதையும் ஆண் பெண்ணையும் சேர்த்துக் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும், ஆகவே இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். பக்கத்து மூன்று நான்கு வார்டுகளும் ஒரே தாளைப் பயன்படுத்தினால் எண்கள் நம்பத் தகுந்தவையாகும். பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் விடையையும் தனியாக வெளியிடக் கூடாது. எண்ணி முடித்ததும் தாள்களை எண்ணியவர்கள் முன்னிலையிலேயே எரித்துவிட்டு, தொகுத்த எண்களை மட்டும் அயல்கூட்டத்திலும் ஊராட்சியிலும் கொடுக்க வேண்டும்.